பகுதி சபையில் காற்றைப் பற்றி என்ன கேட்கலாம்? வட சென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

எழில் நகர்வாசி (கொடுங்கையூர்)
வெள்ளி, இரவு 9.12

எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் வருகிறது. போன கூட்டத்தில் தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, நாய்த் தொல்லை என்று பேசியே பொழுது போய்விட்டது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து காற்று மாசைப் பற்றிக் கேட்டார். “அது கம்பெனிகள் சமாச்சாரம் ஐயா, வாரியத்தில் போய்க் கேளுங்கள்” என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை யாரும் கை கழுவ முடியாதபடி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எங்கள் தெருவில் சிலர் நினைக்கிறோம். எங்கள் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் லாரிப் புழுதி. இரவு பத்து மணிக்கு மேல் குப்பைமேட்டுப் பக்கமிருந்து, செம்புக் கம்பி எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்துகிற வாடை வரும். அது வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வியர்வையில் படுப்பதுதான் வழி. என் அம்மாவுக்கு இன்ஹேலர் இல்லாமல் முடியாது.

எதைக் கேட்பது? புழுதியையா, புகையையா, குப்பையையா, கம்பெனியையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (பெரம்பூர்)
வெள்ளி, இரவு 10.05

தம்பி, மேடையில் சொன்ன பதிலில் உண்மையும் இருக்கிறது, நழுவலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி, தொழிற்சாலைக்கு இசைவாணை கொடுப்பது, புகைபோக்கியில் வருவதை அளப்பது, மீறினால் மூடச் சொல்வது எல்லாம் மாசு கட்டுப்பாடு வாரியத்தின் வேலை. மாநகராட்சி ஆணையரே நினைத்தாலும் மணலியில் ஒரு புகைபோக்கிக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது சரி.

ஆனால் சாலைப் புழுதி, கட்டட வேலைத் தூசு, குப்பை எரிப்பு, குப்பைக் கிடங்கு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. அதற்குப் பணமும் வந்திருக்கிறது. 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் பட்டியலில் இருந்த 102 நகரங்களில் சென்னை கிடையாது. நம் மாநிலத்திலிருந்து தூத்துக்குடிதான் இருந்தது. பிறகு பதினைந்தாவது நிதிக் குழு, பத்து லட்சம் மக்கள்தொகையைத் தாண்டிய நகரங்களுக்குக் காற்றின் தரத்துக்கென்றே மானியம் ஒதுக்கியது. சென்னை உள்ளே வந்தது அந்த வழியில்தான்.

இந்த மானியத்துக்கு மார்க் போடும் முறையைக் கவனியுங்கள். பிஎம் 10 என்கிற தூசு அளவு குறைகிறதா என்பதுதான் முக்கியமான அளவுகோல். 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும், அல்லது தேசிய வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. பிஎம் 10ஐச் சீக்கிரம் குறைத்துக் காட்ட எளிய வழி சாலைப் புழுதியை அள்ளுவது. அதனால்தான் எந்த ஊரின் திட்டத்தைப் புரட்டினாலும் இயந்திரத் துடைப்ப வண்டி, தண்ணீர் தெளிக்கும் வண்டி, நடைபாதைக்குச் சிமென்ட் கல், சாலையோரப் பூங்கா என்றே இருக்கும். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். மணலிக்கும் மயிலாப்பூருக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதினால் எப்படி என்பதுதான் என் கேள்வி.

டிரெய்லர் (தண்டையார்பேட்டை)
வெள்ளி, இரவு 10.48

ஐயா சொல்கிற துடைப்ப வண்டியை நான் அன்றாடம் பார்க்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டித்தான் எங்கள் டிரான்ஸ்போர்ட் அலுவலகம். வட்டத் துடைப்பத்தைச் சுழற்றிக்கொண்டு அந்த வண்டி நடுத்தடுப்பை ஒட்டியே போகும். இடது ஓரத்துக்கு அதனால் வர முடியாது. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை டிரெய்லர்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். உண்மையான மண் கிடப்பது அந்த ஓரத்தில்தான். நடைபாதைக் கல்லை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் படிந்திருக்கும். வெயிலில் மாவாகும், மழையில் சேறாகும், மறுபடி காய்ந்து மாவாகும். வரிசை நகரும்போது அத்தனை டயரும் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும். வண்டி பெருக்கிவிட்டுப் போன நடுத்தடுப்பு ஓரத்திலேயே அது போய் உட்காரும்.

பெருக்குகிறவரைக் குறை சொல்லிப் பயன் என்ன? லாரிகளுக்கு ஒழுங்கான நிறுத்துமிடம் கொடுக்காதவரை எத்தனை துடைப்பம் வாங்கினாலும் இதே கதைதான். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தரமணியிலிருந்து
வெள்ளி, இரவு 11.20

நான் தென் சென்னை. சண்டைக்கு வரவில்லை, சந்தேகம்தான். காற்றின் தரத்தைக் காட்டும் சமீர் செயலியில் உங்கள் பக்கத்து அளவீட்டு நிலையங்களை அவ்வப்போது பார்க்கிறேன். பல நாட்களில் “திருப்திகரம்” என்கிறது, மிஞ்சினால் “மிதமான மாசு”. டெல்லியில் குளிர்காலத்தில் 400ஐத் தாண்டுகிறது. கடற்கரை ஊர் என்பதால் காற்று வந்து அடித்துக்கொண்டு போய்விடாதா? நாம் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோமோ?

மணலி டீச்சர்
சனி, காலை 6.35

கேட்டது நல்லதுதான். இந்தக் குறியீட்டைக் காட்டித்தான் எங்களை எல்லா இடத்திலும் வாயடைக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காற்றுத் தரக் குறியீட்டில் எட்டு மாசுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன: பிஎம் 10, அதைவிட நுண்ணிய தூசான பிஎம் 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எடுப்பது 24 மணி நேரச் சராசரி. இரவு பதினொன்று முதல் ஒரு மணி வரை மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று வையுங்கள். மீதி 22 மணி நேரம் கடற்காற்று வீசினால் அந்த இரண்டு மணி நேரம் கணக்கில் கரைந்து போகும். நுரையீரல் சராசரி பார்த்தா மூச்சு விடுகிறது?

அடுத்தது, நாங்கள் முகர்கிற பொருட்களில் பல அந்த எட்டிலேயே இல்லை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. சமையல் எரிவாயுவில் கலப்பது போன்ற வாடை மெர்காப்டன். பெட்ரோல் பங்க்கில் வருவது போன்ற வாடையில் பென்சீன் இருக்கும். மூன்றுமே குறியீட்டுக்கு வெளியே. ஆகவே ஊரே வாந்தி எடுத்தாலும் செயலி பச்சையாகவே இருக்கலாம்; பொய்யென்று சொல்ல முடியாது, அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது.

“மிதமான” என்ற பெயரையும் நம்பிவிடாதீர்கள். குறியீடு 200 வரை அந்தப் பெயர்தான். பிஎம் 2.5க்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 5.

டெல்லியோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே வருவது ஒரு பருவம். இங்கே பிரச்சினை தொழிற்சாலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009இல் நாட்டின் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளாக 43 இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் மணலி இருந்தது. அப்போது கொடுத்த மதிப்பெண் 76.32. 2018இல் திரும்ப அளந்தபோது 84.15. பரீட்சையில் என்றால் தட்டிக்கொடுக்கலாம். இங்கே மதிப்பெண் கூடினால் மாசு கூடியிருக்கிறது என்று பொருள்.

தேரடி (திருவொற்றியூர்)
சனி, காலை 8.02

டீச்சர் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு எங்களுக்குப் பழக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியது. 2024 அக்டோபர் கடைசியில் எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தொண்டை எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று மருத்துவமனைக்குப் போனார்கள். மூடிய பள்ளியைத் திறந்த பிறகு மறுபடியும் அதே. வாரியத்தின் நடமாடும் அளவீட்டு வண்டி வந்து நின்றது.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வாடை வந்த பிறகு வண்டி வந்து அளப்பதில் பாதிப் பயன்கூட இல்லை. வாடை வரும் நேரத்திலேயே காற்றைப் பிடித்து வைக்க மண்டல அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு இருக்கக்கூடாதா? மாநகராட்சியின் புகார் எண் 1913க்குக் கூப்பிட்டால் குப்பை அள்ள ஆள் வருகிறார்கள், மரம் விழுந்தால் வருகிறார்கள். காற்று நாறுகிறது என்றால் “துறை” என்று எதைப் பதிவு செய்வது என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ராயபுரம் பாலத்தடி
சனி, காலை 9.30

எல்லோரும் முடியாது முடியாது என்றே எழுதுகிறீர்கள். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2011 வரை எங்கள் பக்கம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர் கிடையாது. துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் வெட்டவெளியில் மலையாகக் குவித்து ஏற்றி இறக்குவார்கள். ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் மை. சில நாள் அது கருப்பாக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருக்கும். அன்றைக்கு இரும்புத் தாது ஏற்றுகிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனால் இருமல்காரர்கள் வரிசைதான். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2011 அக்டோபர் 1 முதல் இந்தத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக்கூடாது என்று ஆயிற்று. வேலை போகும் என்று தொழிலாளர்கள் கவலைப்பட்டார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் கருந்தூசு நின்றது. இன்று எங்கள் மாடியில் வெள்ளைத் துணி காய்கிறது.

மாநகராட்சி செய்ததா என்றால் இல்லை. நீதிமன்றம் செய்தது. ஆனாலும் மூலத்தில் கை வைத்தால் காற்று மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

முகத்துவாரம் (எண்ணூர்)
சனி, காலை 10.11

அண்ணா, உங்கள் வேட்டி வெளுத்தது சரி. அந்த நிலக்கரி எங்கே போனது? எங்கள் ஊருக்கு வந்தது. எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. உங்களுக்குக் கிடைத்த நியாயம் எங்கள் தலையில் கொட்டிய மூட்டை.

கணக்குச் சொல்கிறேன். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அப்பாடா என்று நினைத்தோம். சுற்றிலும் இப்போது இருப்பது: வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த மூன்றாம் நிலை 800, வல்லூர் 1,500. கூட்டிப் பாருங்கள், நான்காயிரம் மெகாவாட்டைத் தாண்டுகிறது. இன்னும் கட்டுகிறார்கள்.

ஆற்றில் இறங்கினால் முன்பெல்லாம் காலுக்கு மணல் தட்டும். இப்போது சாம்பல் சேறு. கால் வழுவிக்கொண்டு உள்ளே போகும், இழுத்தால் சாம்பல் பூசிய கால் வெளியே வரும். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இந்தச் சேற்றில் எதைத் தடவுவது? அதே சாம்பல் கோடையில் காய்ந்து பறந்தால் உங்கள் செயலியில் பிஎம் 10. அதற்குத் துடைப்ப வண்டி அனுப்புவார்களா?

வேடிக்கை என்னவென்றால் இந்த மின்நிலையங்கள் சென்னை மாநகராட்சி எல்லையிலேயே இல்லை. திருவள்ளூர் மாவட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது அந்தப் புகை எல்லைக் கல்லைப் பார்த்து நிற்கப் போகிறதா? நேரே தெற்கே, உங்கள் வீடுகளுக்குத்தான் வருகிறது.

மணலி டீச்சர்
சனி, காலை 10.50

முகத்துவாரம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது பாடப்புத்தகத்திலேயே இருப்பதுதான். நிலக்கரி எரியும்போது வரும் சல்ஃபர் டை ஆக்சைடு காற்றில் ஈரத்தோடு சேர்ந்து சல்ஃபேட் துகளாக மாறும். அது பிஎம் 2.5; பெருக்கி அள்ள முடியாத துகள். அதைத் தடுக்கப் புகைபோக்கியிலேயே கந்தகம் நீக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. இரண்டு ஆண்டு கெடு. பிறகு கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. நம் பக்கத்து நிலையங்கள் ஒவ்வொன்றும் எந்த வகையில் வருகிறது, கருவி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது. மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டால் இன்னும் எடுபடும்.

கணக்கர் (வியாசர்பாடி)
சனி, பகல் 12.40

எல்லாவற்றையும் குறை சொல்லாதீர்கள். 2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் 120 தாழ்தள மின்சாரப் பஸ்களை ஓடவிட்டார்கள். பழைய டீசல் பஸ்ஸின் பின்னால் பைக்கில் போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. 2024 மார்ச்சில் 4,181 கோடி என்று வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். கட்டட வேலை இடங்களில் தகடு அடித்து மறைக்க வேண்டும், வலை போர்த்த வேண்டும், மீறினால் 5 லட்சம் வரை அபராதம் என்று 2025இல் மாநகராட்சி விதியும் கொண்டுவந்தது.

குப்பைமேட்டுக்கு வருவோம். கொடுங்கையூரில் பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டிப் பிரித்து எடுக்கும் வேலை 640 கோடியில் நடக்கிறது. நாள்தோறும் வருகிற புதுக் குப்பையை என்ன செய்வது? எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கட்டலாம் என்கிறார்கள். எரிசக்தி மதிப்பு உள்ள, மறுசுழற்சிக்கு உதவாத குப்பையைப் புதைக்கக்கூடாது என்று 2016 திடக்கழிவு விதியே சொன்னது. இப்போது திறந்தவெளியில் கண்டபடி எரிகிறது. வடிகட்டி வைத்த உலையில் எரிந்தால் அதைவிட மேல் இல்லையா? ஆலையை எதிர்த்து 2025இல் மனிதச் சங்கிலி நின்றீர்கள். மாற்று என்ன என்று சொல்லிவிட்டு நிற்கலாம் அல்லவா?

எழில் நகர்வாசி (கொடுங்கையூர்)
சனி, பகல் 1.15

மாற்றுச் சொல்லாமல் யாரும் நிற்கவில்லை சார். வீட்டிலேயே பிரித்து வாங்குங்கள், ஈரக் குப்பையை வார்டுக்குள்ளேயே உரமாக்குங்கள், கிடங்குக்கு வருவதைக் குறையுங்கள் என்றுதான் சொல்கிறோம். நம் ஊர்க் குப்பையில் பெரும்பங்கு சோறு, காய்கறித் தோல், வாழை இலை. அது தானாக எரியாது. எரிய வைக்கப் பிளாஸ்டிக் வேண்டும். அதாவது ஆலை ஓட வேண்டுமென்றால் பிளாஸ்டிக் குறையக்கூடாது. இதை யார் யோசித்தார்கள்?

வடிகட்டி இருக்கிறது என்கிறீர்கள். குப்பை எரியும்போது வரும் டையாக்சின் என்ற நச்சுக்கு விதிப்படி வரம்பு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். அதைப் புகைபோக்கியில் கருவி பொருத்தி நொடிக்கு நொடி பார்க்க முடியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எடுக்கும் நாளில் எப்படி எரிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏற்கெனவே மணலியும் எண்ணூரும் இருக்கிற பக்கத்தில் இன்னொரு புகைபோக்கியா? ஊருக்கு நடுவில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

பஸ் நல்ல விஷயம். அதை மறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் (பெரம்பூர்)
சனி, பகல் 2.30

கணக்கர் சாருக்கு ஒரு வார்த்தை. உலையில் எரிப்பது திறந்தவெளியில் எரிப்பதைவிட மேல் என்பது ஏட்டில் சரி. ஆனால் ஆலை வந்தால் இரவு ஒயர் எரிப்பது நின்றுவிடுமா? அது வேறு பிழைப்பு. செம்புக்கு விலை இருக்கிறவரை நடக்கும். ஆலை ஒரு பிரச்சினைக்குப் பதில், ஒயர் இன்னொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டால் மேடையில் இருப்பவர்களுக்குத்தான் வசதி.

அபராத விதியும் அப்படித்தான். விதி நல்ல விதி. ஆனால் பச்சை வலை போர்த்திய கட்டடத்திலிருந்து இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகிறது? கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கட்டடக் கழிவை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் மாதவரம் பக்கம் ஏரிக்கரையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டுகிறார்களே. கட்டட அனுமதி எத்தனை, ஆலைக்கு வந்த கழிவு எத்தனை டன் என்று மண்டல வாரியாக இரண்டு பட்டியலை அடுத்தடுத்து வைத்தாலே திருட்டு வெளிப்படும்.

ராயபுரம் பாலத்தடி
சனி, மாலை 4.05

துடைப்பம் பற்றி இத்தனை பேசுகிறோம், துடைப்பம் பிடிக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. 5, 6ஆம் மண்டலத் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்களே, அவர்கள்தான் எங்கள் தெருவைப் பெருக்குகிறவர்கள். விடியற்காலையில் புழுதியைக் கூட்டி ஓரமாகக் குவித்து வைப்பார்கள். அள்ளும் வண்டி வருவதற்குள் முதல் பஸ் வந்து அதைக் கலைத்துவிட்டுப் போகும். அந்தப் புழுதியை முதலில் சுவாசிக்கிறவர்கள் அந்தப் பெண்கள், முகத்தில் கட்டியிருப்பது முந்தானை. காற்று மானியத்தில் அவர்களுக்கு ஒழுங்கான முகக்கவசம் வாங்க ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தரமணியிலிருந்து
சனி, மாலை 5.20

டீச்சர், நன்றி. 24 மணி நேரச் சராசரி விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. போகி அன்று மட்டும் டயர் எரிக்காதே என்று ஊர் முழுக்க ஒலிபெருக்கி கட்டுகிறார்களே, அதே சுறுசுறுப்பு மற்ற நாட்களில் ஏன் இல்லை?

டிரெய்லர் (தண்டையார்பேட்டை)
சனி, மாலை 5.41

போகிக்குப் புகைப்படம் எடுக்கலாம். பழைய டயரை வாங்கி அடுக்கிவைத்துப் பக்கத்தில் நின்றால் பேப்பரில் வரும்.

தேரடி (திருவொற்றியூர்)
சனி, இரவு 7.10

பேச்சு எங்கெங்கோ போகிறது. அந்தத் தம்பி கேட்டது கூட்டத்தில் என்ன கேட்பது என்று. ஒயர் எரிப்பதைக் கேளுங்கள் என்பேன். ஆனால் ஒன்று. போலீஸை விட்டுப் பிடியுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே எரிப்பது யார்? பழைய பொருள் பொறுக்கி அரை வயிறு சாப்பிடுகிறவர்கள், நம் பக்கத்துத் தெரு ஜனங்கள். உரித்தால் கூலி கட்டாது என்பதால் எரிக்கிறார்கள். ஒயர் உரிக்கும் சின்ன இயந்திரம் இருக்கிறதாமே. கிடங்கு வாசலில் அதை வைத்து உரித்துக் கொடுத்தால் எரிக்க வேண்டிய அவசியமே வராது.

ஓய்வுபெற்ற பொறியாளர் (பெரம்பூர்)
சனி, இரவு 8.25

தேரடி அம்மா சொன்னது மிகச் சரி. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன். கிடங்கு மாநகராட்சியின் சொந்த நிலம். சுற்றுச்சுவர், வாசல், காவலாளி, உள்ளே போகும் வண்டிக்குப் பதிவேடு எல்லாம் அவர்களுடையது. அதற்குள் தீ எரிந்தால் வாரியத்தைக் கை காட்ட முடியாது, கம்பெனியைக் கை காட்ட முடியாது. திறந்தவெளியில் குப்பை எரிப்பது விதிப்படியே தடை.

கேள்வியை இப்படி வையுங்கள்: “காற்றின் தரத்துக்காக வந்த நிதிக் குழு மானியத்தில் 4ஆவது மண்டலத்தில் இதுவரை செலவழித்தது எவ்வளவு? அதில் கிடங்கில் தீ பிடிப்பதையும் ஒயர் எரிப்பதையும் தடுக்கச் செலவழித்தது எவ்வளவு? இரவு 10 முதல் காலை 6 வரை அங்கே பொறுப்பு அதிகாரி யார்?” பேசிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. தாளில் எழுதிக் கொடுத்து, கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தேதி இருந்தால்தான் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் “இன்ன தேதித் தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன” என்று கேட்க முடியும்.

எழில் நகர்வாசி (கொடுங்கையூர்)
சனி, இரவு 9.03

ஐயா, எழுதிக்கொண்டேன். தேரடி அக்கா சொன்ன இயந்திரத்தையும் கோரிக்கையாகச் சேர்க்கிறேன். பாலத்தடி அண்ணன் சொன்ன முகக்கவசமும் சேர்ந்து போகட்டும். எங்கள் தெருவிலிருந்து இருபது பேராவது வருகிறோம் என்கிறார்கள், பெண்கள்தான் அதிகம்.

முகத்துவாரம் (எண்ணூர்)
சனி, இரவு 9.30

உங்கள் கேள்விக்குச் சபை கிடைத்துவிட்டது. மின்நிலையம் எல்லைக்கு வெளியே இருக்கிறதே, எங்கள் கேள்வியை எந்தச் சபையில் கேட்பது?

ஓய்வுபெற்ற பொறியாளர் (பெரம்பூர்)
சனி, இரவு 9.52

உங்கள் வார்டு பகுதி சபையிலும் கேளுங்கள், பதிவாகட்டும். அதைவிட, அந்தப் பக்கத்து ஊர்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடுகிறதல்லவா? கந்தகம் நீக்கும் கருவி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறினால் மாவட்ட ஆட்சியர் வரை போகும். ஆனால் அந்த ஊரில் ஓட்டு உள்ளவர்தான் கொண்டுவர வேண்டும்.

முகத்துவாரம் (எண்ணூர்)
சனி, இரவு 10.04

அத்திப்பட்டில் என் மைத்துனருக்கு ஓட்டு இருக்கிறது. அவனுக்கு அங்கேதான் ஒப்பந்த வேலையும் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்.